பியோவுல்ஃப் காப்பியத்தில் வீரரும் அரக்கரும்: ஒரு சொல்லின் வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

1. முன்னுரை

பழைய ஆங்கில மொழியில் இன்று கிடைக்கும் செய்யுள்களுள் மிக நீண்டது 'பியோவுல்ஃப்' என்னும் காப்பியம். 3182 அடிகளால் ஆன இக்காப்பியம் இங்கிலாந்தில் இயற்றப்பட்டதாயினும், இதன் கதை ஸ்காண்டிநேவிய நிலத்திலேயே நிகழ்கிறது. டேனியர் மன்னன் ஹிரோத்கார் எழுப்பிய ஹியரோட் என்னும் பெருமண்டபத்தைக் கிரெண்டல் என்னும் அரக்கன் பன்னிரண்டு ஆண்டுகள் தாக்கி, அங்குள்ளோரைக் கொன்று தின்கிறான். கடல் கடந்து வந்த கீட் இனத்து வீரன் பியோவுல்ஃப், கிரெண்டலோடு வெறுங்கையால் பொருது அவன் தோளைப் பிடுங்குகிறான். அடுத்த இரவில் மகனுக்காகப் பழிவாங்க வந்த கிரெண்டலின் தாயைத் தேடிச் சென்று, நீரடியில் உள்ள அவளது உறைவிடத்தில் கொல்கிறான். பின்னர்த் தன் நாட்டுக்கு அரசனாகி ஐம்பது ஆண்டுகள் ஆள்கிறான். முதுமையில் தீயுமிழும் நாகத்தோடு பொருது, அதனைக் கொன்று தானும் மடிகிறான்.

இம்மூன்று போர்களும் மனிதனுக்கும் மனிதரல்லாத கொடும்பிறவிகளுக்கும் இடையே நிகழ்ந்தவை என்றே பொதுவாகக் கூறப்படுகின்றன. மூலத்தின் சொற்கள் இவ்வெல்லையை அவ்வளவு தெளிவாக வரையவில்லை. வீரனைக் குறிக்க ஆளப்பட்ட சொற்களே அரக்கனுக்கும், அரக்கனைக் குறிக்க ஆளப்பட்ட சொற்களே வீரனுக்கும் பலமுறை வழங்கப்படுகின்றன. இந்த எல்லைக்கோடு பெரிதும் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளின் பதிப்புகளாலும் சொற்றொகுதிகளாலும் மொழிபெயர்ப்புகளாலும் வரையப்பட்டது என்பதை விளக்குவதும், அது மொழிபெயர்ப்பாளருக்குத் தரும் பாடத்தை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. கையெழுத்துப் படியும் அதன் பிற நூல்களும்

பியோவுல்ஃப் ஒரேயொரு கையெழுத்துப் படியின் வாயிலாகவே இன்று கிடைக்கிறது. அப்படி பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலோ பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதாகும். இருவர் கைப்பட எழுதிய அதில், 1939ஆம் அடியின் இடையில் எழுதுவோர் மாறுகின்றனர். சர் ராபர்ட் காட்டனின் நூற்றொகுப்பில் இடம்பெற்றிருந்த இச்சுவடி, 1731 அக்டோபரில் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் நேர்ந்த தீயில் ஓரங்கள் கருகித் தப்பியது. இன்று பிரித்தானிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

இச்சுவடியில் பியோவுல்ஃபோடு வேறு நான்கு நூல்களும் உள்ளன. அவை புனித கிறிஸ்டோபரின் வரலாறு, கீழைநாட்டு வியப்புகள், அலெக்சாந்தர் அரிஸ்டாட்டிலுக்கு எழுதியதாகக் கூறப்படும் மடல், யூதித் என்னும் செய்யுள் ஆகியன. அலெக்சாந்தரின் மடல் இந்தியாவைக் கொடிய விலங்குகளும் விந்தை மாந்தரும் நிறைந்த நாடாக வருணிக்கிறது. கீழைநாட்டு வியப்புகளில் நாய்த்தலை மாந்தர் இடம்பெறுகின்றனர். இத்தொகுப்பு விந்தைப் பிறவிகளைப் பற்றியதாகவே திரட்டப்பட்டிருக்கலாம் என்னும் கருத்தைக் கென்னத் சிஸம் 1953இல் வெளியிட்டார். ஆண்டி ஆர்ச்சர்டு 1995இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விரிவாக்கி, இந்நூல்கள் அரக்கரையும் செருக்குற்ற வீரரையும் ஒருங்கே நோக்குகின்றன என நிறுவ முற்பட்டார். ஆகவே, மனிதன் எங்கே முடிகிறான், மனிதரல்லாதது எங்கே தொடங்குகிறது என்னும் வினா பியோவுல்ஃபுக்கு மட்டும் உரியதன்று. அச்சுவடியைத் தொகுத்தோர்க்கும் அது பொருட்படுத்தத்தக்க வினாவாக இருந்திருத்தல் கூடும்.

3. 'ஆக்லேக்கா' என்னும் சொல்

இவ்வினாவை ஆராய்வதற்கு மிகவும் ஏற்றது 'ஆக்லேக்கா' என்னும் பெயர்ச்சொல். இதன் பிறப்பு ஐயத்திற்குரியது. காப்பியத்தில் ஏறத்தாழ இருபது இடங்களில் இது பயில்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை கிரெண்டலையோ நாகத்தையோ சுட்டுகின்றன. எனினும் பின்வரும் இடங்கள் கருதத்தக்கவை.

893ஆம் அடியில் இச்சொல் சிகெமுண்ட் என்னும் வீரனைக் குறிக்கிறது. கிரெண்டல் வீழ்ந்த மறுநாட் காலையில் டேனியரின் பாணன் ஒருவன் பியோவுல்ஃபின் புகழைப் பாடும்போது, பழங்கால வீரனாகிய சிகெமுண்ட் நாகத்தைக் கொன்ற கதையை எடுத்துரைக்கிறான். அங்கே நாகத்தைக் கொன்றவனே ஆக்லேக்கா எனப்படுகிறான். 2592ஆம் அடியில் இதன் பன்மை வடிவம் பியோவுல்ஃபையும் நாகத்தையும் ஒருசேரச் சுட்டுகிறது. எதிரிகள் இருவர்க்கும் ஒரே பெயர். 1512ஆம் அடியில் நீரடியில் நிகழும் தாக்குதலைக் கூறுமிடத்து, இச்சொல் கடல்விலங்குகளைக் குறிக்கிறதா, பியோவுல்ஃபைக் குறிக்கிறதா என்பது இலக்கண அளவில் துணியக்கூடாததாக உள்ளது.

பிற நூல்களையும் நோக்குதல் வேண்டும். 'ஜூலியானா' என்னும் சமயச் செய்யுளில் இச்சொல் பேயைக் குறிக்கிறது. ஆனால், 1010ஆம் ஆண்டை ஒட்டித் தம் கணிதக் கையேட்டை இயற்றிய பிர்ட்ஃபெர்த் என்னும் துறவி, திருச்சபை வரலாற்றாசிரியர் பீட் என்பவருக்கு இதையே அடைமொழியாக்கினார். இங்கிலாந்தின் பேரறிஞராகப் போற்றப்பட்ட ஒரு துறவியை இவர் கொடும்பிறவி எனக் கூறியிருக்க இயலாது. அச்சத்தோடு கூடிய மதிப்பைத் தோற்றுவிக்கும் ஆசான் என்பதே அங்குப் பொருந்தும். இச்சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், இச்சொல் ஓர் இனத்தின் பெயராக அமையவில்லை என்பது புலனாகும். எதிர்நிற்போர்க்கு நடுக்கம் தரும் ஆற்றலுடையது என்பதே இதன் பொதுப்பொருளாதல் வேண்டும்.

4. சொற்றொகுதிகள் செய்த பிரிவினை

இக்காப்பியத்தை முதன்முதலில் அச்சேற்றியவர் ஐஸ்லாந்தில் பிறந்த தோர்கெலின். 1815இல் கோபன்ஹேகனில் இலத்தீன் மொழிபெயர்ப்போடு அவர் பதிப்பு வெளிவந்தது. 1820இல் குருண்ட்விக் டேனிய மொழியில் இதனைச் செய்யுளாகப் பெயர்த்தார். ஆங்கிலேயராகிய ஜான் கெம்பிள் 1833இல் மூலத்தைப் பதிப்பித்து, 1837இல் ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பை வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் மாணவர்க்கு அடிப்படை நூலாக விளங்கியது ஃபிரெடெரிக் கிளேபரின் பதிப்பு. 1922இல் முதலில் வெளிவந்த அப்பதிப்பின் இறுதியிலுள்ள சொற்றொகுதியைக் கொண்டே பல தலைமுறையினர் பழைய ஆங்கிலம் கற்றனர். மொழிபெயர்ப்பாளருள் பலர் அதனையே துணையாகக் கொண்டனர்.

கிளேபரின் சொற்றொகுதி ஆக்லேக்கா என்பதற்கு இரு பொருள்களைத் தருகிறது. கிரெண்டலையும் நாகத்தையும் சுட்டும் இடங்களில் இழிந்தோன், அரக்கன், பேய் என்பன பொருள்கள். சிகெமுண்டையும் பியோவுல்ஃபையும் சுட்டும் இடங்களில் வீரன் என்பது பொருள். கிரெண்டலின் தாயைச் சுட்டும் 'ஆக்லேக்வீஃப்' (1259) என்னும் தொகைச்சொல்லுக்கு இழிந்தவள் அல்லது அரக்கி என்பது பொருளாகத் தரப்படுகிறது.

இம்முறையில் ஒரு சுழற்சி உள்ளது. சுட்டப்படுவோர் யார் என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்பச் சொல்லின் பொருள் வகுக்கப்படுகிறது. பின்னர் அப்பொருளே, சுட்டப்பட்டவர் அரக்கர் என்பதற்குச் சான்றாகிறது. ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் இருத்தல் இயல்பே. ஆயினும் பொருளைப் பிரிக்கும் அடிப்படை சொல்லமைப்பிலோ தொடரமைப்பிலோ இல்லாமல், படிப்போரின் முன்முடிவில் மட்டும் இருக்குமானால் அதனைச் சொற்பொருள் ஆய்வு எனக் கொள்ளல் அரிது.

இச்சிக்கல் படிப்படியாகவே உணரப்பட்டது. டோல்கியன் 1936 நவம்பரில் பிரித்தானிய அகாதமியில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவு, அரக்கரைக் காப்பியத்தின் மையத்திற்குக் கொணர்ந்தது. அதுவரை வரலாற்றுச் செய்திகளையே தேடிய அறிஞர்கள், அரக்கர் கதையைச் சிறுவர்க்குரியதாக ஒதுக்கியிருந்தனர். டோல்கியன் அக்கதையின் பெருமையை நிலைநாட்டினார். ஆயினும் மனிதனைச் சூழ்ந்த இருளின் உருவங்களாகவே அரக்கரைக் கண்டார். சொல்லளவிலான மறுஆய்வு பின்னரே தொடங்கியது. டோரீன் கில்லம் 1961இல் இச்சொல் 893, 2592ஆம் அடிகளில் பயின்றுள்ளதைத் தனியே ஆராய்ந்தார். ஷெர்மன் கூன் 1979இல் இச்சொல்லுக்குப் போர்த்திறன் மிக்கோன் என்பதே பொதுப்பொருள் என வாதிட்டு, கிரெண்டலின் தாயைப் பெண்போராளி எனக் கொள்வதே பொருந்தும் என்றார். கிறிஸ்டின் அல்ஃபானோ 1992இல் அவளது அரக்கத்தன்மையில் ஒரு பகுதி மொழிபெயர்ப்பாளரால் ஏற்றப்பட்டது எனக் காட்டினார். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பழைய ஆங்கில அகராதி, அச்சந்தரும் எதிரி, கடும்போராளி என்னும் கருத்துப்படப் பொருள் தந்து இருவகை இடங்களையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தது.

எனினும் மொழிபெயர்ப்புகள் அகராதியோடு உடனே ஒத்துச் செல்லவில்லை. 1999இல் வெளிவந்த ஷேமஸ் ஹீனியின் மொழிபெயர்ப்பு மேற்கூறிய தொகைச்சொல்லை நரகத்து மணமகள் என்னும் பொருள்பட விரித்துப் பெயர்க்கிறது. மூலச்சொல்லில் நரகமும் இல்லை, மணமும் இல்லை. 2020இல் வெளிவந்த மரியா தவானா ஹெட்லியின் மொழிபெயர்ப்பு அவளைப் போர்மகள் என்கிறது. இரண்டும் ஒரே சொல்லின் பெயர்ப்புகள். முன்னதைப் படிப்பவர் அவளைக் காணுமுன்பே வெறுப்பர். பின்னதைப் படிப்பவர், மகனை இழந்த தாய் பழிவாங்க வருவதாக உணர்வர்.

5. பகிர்ந்து வழங்கப்படும் பிற சொற்கள்

ஆக்லேக்கா தனித்து நிற்கும் சான்றன்று. கிரெண்டல் மண்டபத்தை நோக்கி வரும்போது 720ஆம் அடியில் 'ரிங்க்' என்றே குறிக்கப்படுகிறான். அது போர்வீரனைக் குறிக்கும் பொதுச்சொல். மண்டபத்தில் நிகழும் கைப்போரில், 770ஆம் அடியில், அவனும் பியோவுல்ஃபும் மண்டபக் காவலர் எனப் பன்மையில் ஒன்றாகக் கூறப்படுகின்றனர். கிரெண்டலின் தாயும் 1379ஆம் அடியில் 'செட்ஜ்' என்னும் ஆண்பாற் போர்வீரச் சொல்லால் சுட்டப்படுகிறாள். சிலவிடங்களில் அவளுக்கு ஆண்பாற் சுட்டுப்பெயர்களும் வருகின்றன.

பதிப்பாசிரியரின் பொறுப்பை மிகுதியும் உணர்த்துவது 'கேஸ்த்' என்னும் வடிவம். ஆவி அல்லது பேய் எனப் பொருள்படும் சொல் நெடிலுயிர் கொண்டது. விருந்தினன் அல்லது அயலான் எனப் பொருள்படும் சொல் குறிலுயிர் கொண்டது. இன்றைய ஆங்கிலத்தில் கோஸ்ட், கெஸ்ட் என இவை பிரிந்துள்ளன. கையெழுத்துப் படியிலோ உயிரின் நீட்டம் முறையாகக் காட்டப்படுவதில்லை. ஆதலின் கிரெண்டலையும் அவன் தாயையும் குறிக்கும் 'வேல்கேஸ்த்' என்னும் தொகை கொலைப்பேயா, கொலைசெய்ய வந்த விருந்தாளியா என்பதை எழுத்து வடிவம் கூறாது. பதிப்பாசிரியர் இடும் நெடிற்குறியே கூறும். 1800ஆம் அடியில் ஹிரோத்காரின் மண்டபத்தில் துயிலும் பியோவுல்ஃபைக் குறிப்பதும் இதே எழுத்து வடிவமே. அங்கே எந்தப் பதிப்பாசிரியரும் பேய் எனக் கொள்வதில்லை. மண்டபத்திற்குள் இரவில் இருக்கும் அயலான் என்னும் நிலையில் இருவரும் ஒத்திருக்கின்றனர் என்பது இதனால் மறைந்துபோகிறது.

'வ்ரெச்சா' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. நாடு கடத்தப்பட்டோன், தலைவனையும் சுற்றத்தையும் இழந்து அலைவோன் என்பது இதன் அடிப்படைப் பொருள். சிகெமுண்ட் இத்தகையோருள் மிகப் புகழ்பெற்றவன் எனப் பாணனால் போற்றப்படுகிறான். கிரெண்டல் நடக்கும் வழியும் 1352ஆம் அடியில் இச்சொல்லோடு உறவுடைய தொகையால் நாடிழந்தோர் வழி எனப்படுகிறது. இதே வேர் ஆங்கிலத்தில் 'ரெட்ச்' என இழிந்தோனைக் குறிக்கவும், ஜெர்மன் மொழியில் 'ரெக்கே' எனப் பெருவீரனைக் குறிக்கவும் வளர்ந்துள்ளது. பழைய சொல்லில் இணைந்திருந்த இருமையை இரு மொழிகள் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டன எனலாம்.

சினத்தைக் குறிக்கும் 'யெபோல்கென்' என்பது வீங்குதல் என்னும் பொருளடியாகப் பிறந்தது. கிரெண்டல் கதவைத் தகர்க்கும்போதும், பியோவுல்ஃப் கிரெண்டலின் தாயோடு மல்லாடும்போதும், நாகம் தன் கிண்ணத்தை இழந்தபோதும் இச்சொல்லே வருகிறது. எண்களும் இவ்வாறே எதிரொலிக்கின்றன. கிரெண்டல் முதல் இரவில் முப்பது பேரைக் கொண்டு செல்கிறான். பியோவுல்ஃபின் கைப்பிடியில் முப்பது பேரின் வலிமை உள்ளது. ஹிரோத்கார் டேனியரை ஆண்டதும், கிரெண்டலின் தாய் தன் நீர்நிலத்தைக் காத்ததும் நூறு அரையாண்டுகள் என ஒரே தொடரால் கூறப்படுகின்றன.

6. வேறுபாடு எங்கே உள்ளது?

இவற்றைக் கொண்டு காப்பியம் வீரனையும் அரக்கனையும் ஒன்றெனக் கருதுகிறது என முடிவு செய்தல் தவறாகும். கிரெண்டல் உடன்பிறந்தானைக் கொன்ற காயினின் வழித்தோன்றல், இறைவனின் பகைவன், கொலைக்கு ஈடாகப் பழிப்பொருள் தர மறுப்பவன். இவ்வாறு கூறுமிடங்களில் கவிஞர் ஐயத்திற்கு இடமே வைக்கவில்லை. வேறுபாடு உண்டு, ஆனால் அது ஆற்றலின் இயல்பில் இல்லை, அவ்வாற்றல் யாருக்குப் பயன்படுகிறது என்பதில் உள்ளது.

இதற்குச் சான்றாக நிற்பவன் டேனியர் மன்னன் ஹெரமோட். பாணன் சிகெமுண்டின் புகழைப் பாடியபின் இவனையே நினைவு கூர்கிறான். பின்னர் ஹிரோத்காரும் பியோவுல்ஃபுக்கு அறிவுரை கூறும்போது இவனைச் சுட்டிக்காட்டுகிறான். ஹெரமோட் ஆற்றலில் எல்லாரினும் மேம்பட்டவன். ஆயினும் வீங்கிய சினத்தால் தன்னோடு உண்ட தோழரையே கொன்றான். மக்களின் மகிழ்ச்சியை இழந்து தனித்துப் போனான். அவன் சினத்திற்கு ஆளப்படும் சொல் மேற்கூறிய வீங்குதல் வேரிலிருந்து பிறந்ததே. மண்டப மகிழ்ச்சியைக் குறிக்கும் 'த்ரேயாம்' என்னும் சொல்லாலேயே கிரெண்டலின் இழப்பும் ஹெரமோடின் இழப்பும் கூறப்படுகின்றன. ஒருவன் அரக்கனாகப் பிறந்தவன். மற்றொருவன் அரசனாகப் பிறந்து அந்நிலையை அடைந்தவன்.

ஹிரோத்காரின் அறிவுரை கிரெண்டலும் அவன் தாயும் கொல்லப்பட்டபின், வெற்றி முழுமை பெற்ற நேரத்தில் கூறப்படுகிறது. அரக்கரை வென்றவனுக்கு இனி அஞ்சத்தக்கது அவனது வலிமையே என்பது அதன் உட்கிடை. வீரனுக்கும் அரக்கனுக்கும் முழுவதும் வேறான சொற்கள் வழங்கப்பட்டிருப்பின் இவ்வெச்சரிக்கை வலுவிழக்கும். முழுவதும் வேறான ஒன்றாக ஒருவன் மாறிவிடுவான் என்று அஞ்சத் தேவையில்லை அல்லவா? சொற்களைப் பிரித்த சொற்றொகுதிகள் இந்த அச்சத்தையே காப்பியத்திலிருந்து நீக்கிவிட்டன.

7. தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் வினாக்கள்

தமிழில் இச்சிக்கல் சொல்லளவில் நில்லாது இலக்கணத்திற்கும் பரவுகிறது. பழைய ஆங்கிலத்தில் பால் வேறுபாடு சொல்லைப் பொறுத்தது; நாகத்தைக் குறிக்கும் சொற்களும் ஆண்பாலே. ஆகவே கிரெண்டல், நாகம், பியோவுல்ஃப் ஆகிய மூவர்க்கும் ஒரே சுட்டுப்பெயர் வருகிறது. தமிழிலோ வினைமுற்று ஒவ்வொன்றும் திணையை உணர்த்தும். வந்தான் என்பதா, வந்தது என்பதா என முதல் தொடரிலேயே துணிய வேண்டும். 2592ஆம் அடியில் இருவரும் மீண்டும் எதிர்ப்பட்டனர் என்றால் நாகம் உயர்திணையாகும். இரண்டும் எதிர்ப்பட்டன என்றால் பியோவுல்ஃப் அஃறிணையாவான்.

தொல்காப்பியம் பெயர்களை உயர்திணைப்பெயர், அஃறிணைப்பெயர், விரவுப்பெயர் என மூவகைப்படுத்துகிறது. இருதிணைக்கும் பொதுவான விரவுப்பெயரின் திணையை உடன்வரும் வினை காட்டும். ஆக்லேக்கா இத்தகைய விரவுப்பெயரை ஒத்தது எனலாம். அரக்கன் என்னும் சொல் கிரெண்டலை உயர்திணையில் நிறுத்த உதவும். ஆனால் அதனைப் பியோவுல்ஃபுக்கு வழங்க இயலாது. சூரன் என்பது வீரனையும் முருகன் அழித்த அசுரனையும் குறிப்பதால் இருபுறமும் பொருந்துவது போல் தோன்றும். எனினும் அச்சொல் கந்தபுராணக் கதையை உடன் கொணர்ந்துவிடும்.

இவற்றினும் ஏற்றது 'மறம்' என்னும் சொல்லாகும். வீரம், சினம், பகை, கொலை, அறத்தின் மறுதலையாகிய தீமை ஆகிய பொருள்கள் அனைத்தும் இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன. மறத்தோன், மறத்தாள், மறத்தோர் என இதனடியாக அமையும் பெயர்கள் கிரெண்டல், அவன் தாய், சிகெமுண்ட், பியோவுல்ஃப் ஆகிய அனைவர்க்கும் பொருந்தும். மறவன் என்னும் வடிவம் குடிப்பெயராகவும் வழங்குவதால் அதனைத் தவிர்த்தல் நன்று. பியோவுல்ஃபையும் நாகத்தையும் ஒருங்கே மறத்தோர் என்பதால் நாகம் உயர்திணைக்கு ஏறுகிறதே எனின், மூலமும் அதனை அவ்வாறே வீரனோடு இணையாக நிறுத்துகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

8. முடிவுரை

ஒரு சொல் பயிலும் இடந்தோறும் அதற்கேற்ற வேறுவேறு சொல்லைத் தேர்வது மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் பாராட்டத்தக்க நுண்மையே. ஆயினும் மூலநூல் ஒரே சொல்லை இரு எதிரிகளுக்கும் வழங்கும்போது, அவ்வொருமையே அதன் பொருளாக அமைவதுண்டு. மூலத்தில் அச்சொல் பயிலும் இடங்கள் அனைத்தையும் திரட்டி நோக்கியபின், அவற்றுக்கெல்லாம் ஒரே தமிழ்ச்சொல்லை வழங்க இயலுமா என முதலில் ஆராய்தல் வேண்டும். இயலாத இடத்தில் மட்டும் வேறு சொல்லை நாடலாம். சொற்றொகுதி தரும் பொருளைச் சொற்பொருள் என்று மட்டும் கொள்ளாமல், அதனைத் தொகுத்தவரின் விளக்கவுரை என்றும் கருதிச் சோதித்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும். கிரெண்டலின் தாயை அரக்கி என்பதா, போர்மகள் என்பதா என்னும் முடிவைப் படிப்போர் காப்பியத்தின் வழியே எய்த வேண்டும். மொழிபெயர்ப்பு அதனை முன்கூட்டியே அவர்கள்மீது சுமத்தலாகாது.